ஆர்சி மாறினால் போதுமா? தமிழ்நாட்டில் நேரடியாகப் பழைய கார் வாங்கும்போது லைஃப் டாக்ஸ், இன்சூரன்ஸ் குழப்பம்

திருநகர்_வாசி

வணக்கம். முதல் கார் வாங்கப் போகிறேன், அதுவும் பழைய கார். நடுவில் புரோக்கர் கிடையாது. என்னோடு வேலை பார்ப்பவரின் மச்சான் குடும்பத்தோடு கனடா போகிறார், அவருடைய வண்டி. பெட்ரோல் ஸ்விஃப்ட், எடுத்து இரண்டு வருஷம் ஒன்பது மாதம் ஆகிறது, மதுரை நம்பர், ஒரே கை. ஆறரை லட்சத்துக்குப் பேசி முடித்து இருபதாயிரம் அட்வான்ஸும் கொடுத்தாயிற்று. மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போய் லிஃப்டில் ஏற்றிப் பார்த்ததில் வண்டியில் குறை ஒன்றும் இல்லை.

குழப்பம் எல்லாம் காகிதத்தில்தான். லைஃப் டாக்ஸ் அவர் கட்டியது, அது எனக்குச் செல்லுமா, நான் மறுபடி கட்ட வேண்டுமா? இன்சூரன்ஸ் இன்னும் மூன்று மாதம் இருக்கிறது என்கிறார், எம்பரிவாகன் ஆப்பிலும் அதே தேதிதான் காட்டுகிறது, அந்த மூன்று மாதத்தை அப்படியே ஓட்டிவிட்டு அப்புறம் என் பெயரில் போட்டுக்கொள்ளலாமா? கூடவே "என்சிபி என்னுடையது, அதை நான் எடுத்துக்கொள்வேன்" என்கிறார், அப்படியென்றால் என்ன என்று அவரிடமே கேட்கக் கூச்சமாக இருந்தது. அவர் கிளம்ப இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கியர்பாக்ஸ்

வாழ்த்துகள் ப்ரோ. ரொம்ப யோசிக்காதீர்கள். டாக்ஸ் வண்டிக்குக் கட்டியது, வண்டியோடு வரும். இன்சூரன்ஸும் வண்டிக்குத்தான். நான் என் பழைய வேகன்ஆரை முந்தைய ஓனர் பெயரில் இருந்த பாலிசியிலேயே ஒரு வருஷம் ஓட்டினேன், போலீஸ் மூன்று முறை நிறுத்தினார்கள், தேதியை மட்டும் பார்த்துவிட்டு அனுப்பிவிட்டார்கள். ஆர்சியில் பெயரை மாற்றுங்கள், மற்றதை ரினியூவல் சமயத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

பழைய_சர்வேயர்

கியர்பாக்ஸ் தம்பி சொன்னதில் முதல் பாதி சரி, இரண்டாம் பாதி பலரைக் கடனாளி ஆக்கியது. இடிபட்ட வண்டிகளைப் பார்த்து எஸ்டிமேட் போடுவதையே இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் தொழிலாகச் செய்தவன் நான். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வரி முதலில், அது எளிது. தமிழ்நாட்டில் சொந்த உபயோகக் காருக்கு ரெஜிஸ்டர் செய்யும்போதே லைஃப் டாக்ஸ் கட்டிவிடுகிறார்கள். அது வண்டியின் கணக்கில் ஏறிய பணம், ஆளின் கணக்கில் இல்லை. மதுரை நம்பர் வண்டியை மதுரைக்காரர் மதுரைக்காரருக்கு விற்கிறார், அதனால் நீங்கள் மறுபடி கட்ட வேண்டியதில்லை, பெயர் மாற்றக் கட்டணம் மட்டும்தான். வெளிமாநில வண்டி என்றால் கதை வேறு, உங்களுக்கு அது வேண்டாம்.

இன்சூரன்ஸ் அப்படி இல்லை. ஒரே பாலிசிக் காகிதத்துக்குள் இரண்டு, மூன்று ஒப்பந்தங்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று தேர்டு பார்ட்டி, அதாவது உங்கள் வண்டி இன்னொருவர் மேல் மோதினால் அவருக்குப் போகிற பணம். மோட்டார் வாகனச் சட்டம் 157-ஆம் பிரிவின்படி இந்தப் பகுதி வண்டி கைமாறிய அன்றே புதியவருக்கு மாறிவிட்டதாகச் சட்டமே எடுத்துக்கொள்கிறது. ரோட்டில் அடிபட்டவன் பாலிசியில் யார் பெயர் இருக்கிறது என்று பார்த்தா அடிபடுகிறான், அவனைக் காப்பாற்றத்தான் அந்தப் பிரிவு. இன்னொன்று ஓன் டேமேஜ், உங்கள் வண்டிக்கே வருகிற சேதம், திருட்டு, வெள்ளம், தீ எல்லாம். இது இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் பாலிசியில் பெயர் உள்ளவருக்கும் இடையிலான தனிப்பட்ட ஒப்பந்தம், தானாக யாருக்கும் போகாது. 1996-இலேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது, தானாக மாறுவது தேர்டு பார்ட்டி மட்டும்தான் என்று.

மூன்றாவதை யாருமே கவனிப்பதில்லை. ஓனரே ஓட்டிப் போய் இறந்தால் குடும்பத்துக்கு 15 லட்சம் கொடுக்கிற பர்சனல் ஆக்சிடெண்ட் கவர். அது பாலிசியில் பெயர் உள்ள ஓனருக்குத்தான், அவரிடம் லைசென்ஸும் இருக்க வேண்டும். நீங்கள் வண்டியை வாங்கி ஓட்டிப் போய் உங்களுக்கே ஏதாவது ஆனால் நீங்கள் தேர்டு பார்ட்டியும் இல்லை, பாலிசியில் ஓனரும் இல்லை. இரண்டு பக்கமும் கதவு சாத்தியிருக்கும்.

இதைவிடப் பெரிய பொறி ஒன்று இருக்கிறது. "ஆர்சியை மாற்றிவிட்டேன், பாலிசியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று நினைக்கிறார்கள் பாருங்கள், அதைவிட மோசமான நிலை கிடையாது. ஆர்சி உங்கள் பெயரில், பாலிசி விற்றவர் பெயரில். விற்றவர் கிளெய்ம் போட முடியாது, வண்டி அவருடையது இல்லை, அவருக்கு நஷ்டமும் இல்லை. நீங்களும் போட முடியாது, உங்களுக்கும் கம்பெனிக்கும் ஒப்பந்தமே இல்லை. நான் பார்த்த ஒரு பள்ளி ஆசிரியர், ஒழுங்கான மனிதர், வாங்கிய பத்து நாளுக்குள் ஆர்சி மாற்றிவிட்டார். நாற்பதாவது நாள் இரவில் புளியமரத்தில் விட்டார். ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை, வண்டியின் முன்பக்கம் முழுக்கப் போய்விட்டது, ரிப்பேர் எஸ்டிமேட் ஒன்றே முக்கால் லட்சத்துக்கு மேல். ரிப்போர்ட் எழுதியவன் நான். சேதம் உண்மை, விபத்து உண்மை, பணம் மட்டும் வரவில்லை. ஆர்சியை மாற்றாமலே இருந்திருந்தால்கூட வாதாட ஏதோ ஒரு வழி இருந்திருக்கும்.

மாற்றுவதற்கு வாங்கியவருக்கு 14 நாள் கெடு. விற்பனை நடந்த தேதியிலிருந்து அதற்குள் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும், மெயில் அனுப்பினால் அனுப்பியதற்கு அத்தாட்சி வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி கேட்கும் காகிதம் கொஞ்சம் மாறும், சிலர் பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30-இன் நகலும் ஆர்டிஓ ரசீதும் போதும் என்பார்கள், சிலர் ஆர்சி மாறி வரட்டும் என்பார்கள். வரட்டும் என்று சொன்னாலும் கடிதத்தை அன்றே கொடுத்துவிடுங்கள்.

என்சிபி, அதாவது நோ கிளெய்ம் போனஸ் என்பது கிளெய்ம் போடாமல் ஓட்டியதற்குக் கிடைக்கிற தள்ளுபடி. முதல் வருஷம் 20%, அப்புறம் 25, 35, 45, 50 என்று ஏறும். அது ஆளுக்குச் சொந்தம், வண்டிக்கு இல்லை, அதனால் உங்கள் நண்பரின் மச்சான் கேட்பதில் தப்பே இல்லை. பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்றும்போது மீதி நாட்களுக்கான அந்தத் தள்ளுபடித் தொகையைக் கம்பெனி உங்களிடம் வசூலிக்கும், பாலிசியில் பெயரை மாற்றி எழுதுவதற்கான எண்டார்ஸ்மெண்ட் கட்டணம் தனி.

கடைசியாக ஒரு கேள்வி. வண்டிக்கு இன்னும் மூன்று வருஷம் ஆகவில்லை என்கிறீர்கள். பாலிசியில் இரண்டு தேதி இருக்கும். இரண்டையும் பார்த்தீர்களா?

கியர்பாக்ஸ்

சார் மேல் மரியாதை உண்டு, ஆனால் கொஞ்சம் பயமுறுத்துகிறீர்களோ என்று தோன்றுகிறது. 2020-இல் ஒரு லாரி வழக்கில் உச்ச நீதிமன்றம், விற்பனை ஒப்பந்தம் போட்டிருந்தாலும் ரெஜிஸ்ட்ரேஷன் மாறும்வரை பழையவர்தான் ஓனர், கம்பெனி பணம் கொடுத்தே ஆக வேண்டும் என்று சொன்னதே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? நான் செய்ததும் அதுதானே.

பழைய_சர்வேயர்

விடவில்லை தம்பி, "வாதாட ஏதோ ஒரு வழி" என்று எழுதினேனே, அந்த வழி இதுதான். அந்த வழக்கில் ஆர்சியும் பாலிசியும் இரண்டுமே விற்றவர் பெயரில் இருந்தன. வழக்குப் போட்டதும் அவர்தான். உங்கள் வேகன்ஆருக்கு ஏதாவது ஆகியிருந்தால் பழைய ஓனர் உங்களுக்காகக் கிளெய்ம் போட்டு, கம்பெனி மறுத்தால் கோர்ட்டுக்குப் போய், வந்த பணத்தை உங்கள் கையில் கொடுத்திருப்பாரா? அந்த லாரிக்காரர் மாவட்ட ஃபோரத்தில் ஆரம்பித்து டெல்லிவரை போக வேண்டியிருந்தது. போலீஸ் தேதியை மட்டும்தான் பார்ப்பார்கள் என்பதும் உண்மைதான், அவர்கள் கிளெய்ம் பாஸ் செய்கிறவர்கள் இல்லையே.

விற்றுவிட்டு_முழித்தவன்

எல்லோரும் வாங்குகிறவர் பக்கமே பேசுகிறீர்கள், விற்றவன் கதையைக் கொஞ்சம் கேளுங்கள். என் பழைய இண்டிகாவை ஒரு புரோக்கர் மூலம் கொடுத்தேன். ஃபார்ம் 29, 30-இல் வாங்குபவர் பெயரை எழுதாமல் என்னிடம் வெறுமனே கையெழுத்து வாங்கிக்கொண்டார், "பார்ட்டி முடிவானதும் ஃபில் பண்ணிக்கிறேன் சார்" என்றார், நானும் பணம் வந்த சந்தோஷத்தில் போட்டுக்கொடுத்துவிட்டேன். இரண்டு வருஷம் கழித்து எம்சிஓபி கேஸில், அதாவது விபத்து நஷ்டஈட்டு வழக்கில் சம்மன் வருகிறது, என் வண்டி ஒருவர் காலை முறித்துவிட்டதாம். ஓட்டியவர் யார் என்றே எனக்குத் தெரியாது. ஆர்சி என் பெயரில், பாலிசி காலாவதி ஆகி எட்டு மாதம். புரோக்கர் போனை எடுப்பதில்லை.

வக்கீல் சொன்னது இதுதான், 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது, வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும் ஆர்டிஓ ரெக்கார்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் ஓனர், நஷ்டஈடு அவர் தலையில். இன்சூரன்ஸ் உயிரோடு இருந்தால் கம்பெனி கொடுக்கும், இல்லாவிட்டால் என் வீட்டை விற்றுக் கொடுக்க வேண்டியதுதான். கேஸ் இன்னும் நடக்கிறது, அதற்குமேல் எழுத விரும்பவில்லை.

திருநகர் நண்பரே, உங்கள் விற்பனையாளர் கனடாவில் உட்கார்ந்துகொண்டு சம்மனைப் பார்க்கக் கூடாது என்றால் பெயர் மாற்றத்தை அவரே நின்று முடித்துவிட்டுப் போக வேண்டும் என்று சொல்லுங்கள். அப்புறம் ஃபாஸ்டேக். அதையும் மறந்துவிட்டேன். ஆறு மாதம் என் கணக்கிலிருந்து யாரோ ஊர் சுற்றினார்கள்.

திருநகர்_வாசி

சர்வேயர் சார், கையெடுத்துக் கும்பிடுகிறேன். பாலிசியை வாங்கிப் பார்த்தேன். மூன்று மாதம் இருப்பது தேர்டு பார்ட்டிக்கு மட்டும்! ஓன் டேமேஜ் முடிந்து ஒன்றே முக்கால் வருஷம் ஆகிறது. அவரிடம் கேட்டால் "அப்படியா, மூன்று வருஷத்துக்குச் சேர்த்துக் கட்டினோமே" என்கிறார், பொய் சொல்வதாகத் தோன்றவில்லை, அவருக்கே தெரியவில்லை. ஒன்றே முக்கால் வருஷமாக அந்த மனிதர் மதுரையிலிருந்து சென்னைக்கு மாதம் இரண்டு முறை போய்வந்திருக்கிறார்.

பழைய_சர்வேயர்

நினைத்தேன். 2018 செப்டம்பர் 1 முதல் புதுக் காருக்கு மூன்று வருஷத் தேர்டு பார்ட்டியைச் சேர்த்தே எடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்ற உத்தரவால் வந்தது. ஓன் டேமேஜ் பெரும்பாலும் ஒரு வருஷத்துக்குத்தான் இருக்கும், வருஷாவருஷம் தனியாக ரினியூ செய்ய வேண்டும். ஷோரூமில் ஒரே கட்டாகக் காகிதம் கொடுப்பார்கள், மூன்று வருஷம் என்ற எழுத்து மட்டும் மனதில் நிற்கும். மூன்று வயதுக்குள் பழைய கார் வாங்குகிறவர்கள் விழுகிற குழி இது. ஆப்பில் தெரிகிற ஒரு தேதியை வைத்து முழு இன்சூரன்ஸ் இருக்கிறது என்று முடிவு செய்யவே கூடாது.

இன்னொன்று, அவரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். ஓன் டேமேஜ் முடிந்து 90 நாளுக்குள் ரினியூ செய்யாவிட்டால் என்சிபி போய்விடும். ஒன்றே முக்கால் வருஷம் ஆகிவிட்டதால் அவர் எடுத்துக்கொண்டு போவதற்கு அதில் ஒன்றுமே இல்லை. உங்களிடம் அதற்காக ஏதாவது விலையில் கேட்டிருந்தால் கொடுக்காதீர்கள்.

உங்களுக்கு முன் இரண்டு வழி. தேர்டு பார்ட்டி பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்றி, மேலே தனி ஓன் டேமேஜ் பாலிசி போடுவது ஒன்று. இல்லையென்றால் உங்கள் பெயரில் புதிதாக முழுப் பாலிசியே போட்டுவிட்டு, பழையதை ரத்து செய்ய அவரிடம் எழுதி வாங்குவது. 2022 ஜூனில் அமலுக்கு வந்த கட்டணப்படி 1000 சிசிக்கு மேல் 1500 வரை தேர்டு பார்ட்டி வருஷத்துக்கு ₹3,416, வரி தனி. மீதியிருக்கிற மூன்று மாதத்தை விட்டுக்கொடுத்தால் நஷ்டம் ₹850 சொச்சம். அதற்காக இரண்டு கம்பெனி, இரண்டு பெயர் என்று அல்லாட வேண்டுமா என்று நீங்களே பாருங்கள். நான் என்றால் புதிதாகவே போடுவேன். விட்டுப்போன பாலிசி என்பதால் எந்த வழியானாலும் வண்டியைப் பார்த்துத்தான் கொடுப்பார்கள், போனிலேயே வீடியோ எடுத்து அனுப்பச் சொல்வதும் உண்டு. வண்டியைக் கழுவிவிட்டு எடுங்கள், சேறு இருந்தால் திருப்பி எடுக்கச் சொல்லுவார்கள்.

மஞ்சள்_பலகை

ஆர்டிஓ ஆபீஸ் வாசலில் பதினைந்து வருஷமாக இந்த வேலைதான் செய்கிறேன். வண்டி லோனில் எடுத்ததா? ஆர்சியில் பேங்க் பெயர் இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லையே.

திருநகர்_வாசி

லோன்தான் சார், போன வருஷமே கட்டி முடித்துவிட்டார். பேங்க் கொடுத்த என்ஓசி, ஆட்சேபம் இல்லை என்ற கடிதம் இருக்கிறது. ஆர்சியில் பேங்க் பெயர் இன்னும் இருக்கிறது.

மஞ்சள்_பலகை

நூற்றில் எழுபது பேர் இப்படித்தான், லோன் முடிந்த அன்றே வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். எச்.பி., அதாவது ஆர்சியில் உள்ள பேங்க் அடமானப் பதிவு, அதைக் கேன்சல் செய்யாமல் பேரை மாற்ற முடியாது. அதற்கு ஃபார்ம் 35, பேங்க் சீலோடு வேண்டும். என்ஓசியில் தேதியைப் பாருங்கள், பெரும்பாலும் மூன்று மாதத்துக்கு மட்டும் செல்லும் என்று போட்டிருப்பார்கள், போன வருஷத்துக் காகிதம் என்றால் பேங்கில் மறுபடி வாங்க வேண்டும், அதற்கே ஒரு வாரம் போய்விடும். நாளைக்கே அவரை அனுப்புங்கள். காகிதம் கைக்கு வந்ததும் எச்.பி. கேன்சலையும் பெயர் மாற்றத்தையும் சேர்த்தே ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம்.

ஃபார்ம் 29 இரண்டு பிரதி, ஃபார்ம் 30, ஆர்சி, நடப்பு இன்சூரன்ஸ், புகைச் சான்று, இரண்டு பேரின் அடையாள, முகவரிச் சான்று, பேன் கார்டு. சேஸிஸ் நம்பரைப் பென்சிலால் தேய்த்து எடுக்கச் சொல்வார்கள். நிலுவையில் இ-சலான் இருந்தால் அங்கேயே நிற்கும், அதை வாங்கும் முன்பே பார்த்துவிடுங்கள், மூன்று நான்கு சிக்னல் சலான்கள் யாருக்கும் தெரியாமல் கிடக்கும்.

உங்கள் கேஸில் பெரிய சிக்கல் இன்னொன்று. விண்ணப்பிக்கும்போது ஓடிபி விற்பவரின் மொபைலுக்குப் போகும். கனடா போய் இந்த சிம்மை விட்டுவிட்டார் என்றால் தீர்ந்தது. நேரில் வரச் சொன்னால் ஆளும் இருக்க மாட்டார். அதனால் மூன்று வாரத்துக்குள் முடியுங்கள், இல்லாவிட்டால் முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள். சட்டப்படி ஒரே மாநிலத்துக்குள் என்றால் விற்றவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், வாங்கியவருக்கு 30 நாள். நடைமுறையில் பணம் கைமாறிய அன்றே இரண்டு பேரும் உட்கார்ந்து விண்ணப்பத்தைப் போடுவதுதான் நல்லது.

டெலிவரி நோட் எழுதும்போது தேதியோடு நேரத்தையும் எழுதுங்கள். காலையில் சிக்னலைத் தாண்டினது அவரா, மாலையில் தாண்டினது நீங்களா என்பது அதில்தான் இருக்கிறது.

கடலூர்_சவாரி

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். புதுச்சேரி நம்பர் கார் ஒன்று, விலை இங்கே இருப்பதைவிட எழுபதாயிரம் குறைவாக வருகிறது. கடலூரிலிருந்து பக்கம்தானே, நம்பரை மாற்றாமலே ஓட்டலாம் என்கிறார் விற்பவர். ஒரு வருஷம்வரை யாரும் கேட்க முடியாதாமே?

மஞ்சள்_பலகை

அந்த எழுபதாயிரம் எங்கே போகும் என்று சொல்கிறேன். புதுச்சேரி நமக்கு வேறு மாநிலம் மாதிரிதான். அங்கே கட்டிய வரி அங்கே. நீங்கள் வண்டியைக் கடலூர் முகவரிக்குக் கொண்டுவந்தால் முதலில் அவர் ஃபார்ம் 28-இல் என்ஓசி வாங்க வேண்டும், அப்புறம் தமிழ்நாட்டு லைஃப் டாக்ஸ் கட்ட வேண்டும், வண்டியின் வயதைப் பார்த்துக் குறைத்துக் கணக்குப் போடுவார்கள். ஆனாலும் 2023 நவம்பரில் இங்கே வரி ஏறியது, புது வண்டிக்கு 5 லட்சம்வரை 12%, 10 லட்சம்வரை 13%, 20 லட்சம்வரை 18%, அதற்குமேல் 20%. பழைய வண்டிக்குக் குறைத்தாலும் விலை வித்தியாசத்தில் பெரும்பகுதி இதிலேயே கரையும். அந்த ஒரு வருஷம் என்பது 12 மாதத்துக்குமேல் வேறு மாநிலத்தில் வைத்திருந்தால் நம்பரை மாற்ற வேண்டும் என்ற மத்தியச் சட்டத்தின் கெடு. வரி மாநிலச் சட்டம், தனிக் கணக்கு. செக்கிங்கில் நிறுத்தினால் இரண்டையும் குழப்பிப் பேசி ஜெயிக்க முடியாது.

கர்நாடகா, கேரளா வண்டிக்கும் இதேதான். அங்கே கட்டிய லைஃப் டாக்ஸில் மீதியைத் திரும்பக் கேட்கலாம், ஆனால் இங்கே ரெஜிஸ்டர் ஆன ஆதாரத்தைக் காட்டி அந்த ஊர் ஆபீஸில் கேட்க வேண்டும், பொறுமை இருப்பவர்களுக்கு மட்டும். டெல்லியில் 10 வருஷம் தாண்டிய டீசல் வண்டிக்குத் தடை என்று உத்தரவு வந்ததிலிருந்து அந்தப் பக்கத்து டீசல் கார்கள் மலிவாக இறங்குகின்றன, அதை வாங்குகிறவர்களும் இந்த வரியைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

பிஎச், அதாவது பாரத் வரிசை நம்பர் பார்த்தால் இன்னும் உஷார். 2021 செப்டம்பரில் வந்த வரிசை அது, அதற்கு லைஃப் டாக்ஸே கிடையாது, இரண்டு இரண்டு வருஷமாகத்தான் வரி கட்டியிருப்பார்கள். அந்த நம்பருக்குத் தகுதி அரசு ஊழியருக்கும், நாலு மாநிலத்திலாவது ஆபீஸ் உள்ள கம்பெனியில் வேலை பார்ப்பவருக்கும்தான். தகுதி இல்லாத நாம் வாங்கினால் சாதாரண நம்பருக்கு மாற்றி இந்த மாநில வரியைக் கட்டியாக வேண்டும்.

கடலூர்_சவாரி

நன்றி அண்ணா. இங்கேயே ஒரு வண்டி பார்க்கிறேன். அப்படியே இன்னொன்று, பழைய காருக்கு 18% ஜிஎஸ்டி என்று 2024 கடைசியில் மீம்ஸ் ஓடியதே?

கியர்பாக்ஸ்

இது எனக்குத் தெரியும், விடுங்கள், ஒன்றாவது சரியாகச் சொல்கிறேன். அது ஜிஎஸ்டி ரெஜிஸ்டர் செய்த வியாபாரிக்கு, அதுவும் அவர் வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் இடையில் இருக்கிற லாபத்துக்கு மட்டும். வீட்டுக்காரர் வீட்டுக்காரருக்கு விற்றால் ஜிஎஸ்டி கிடையாது.

பழைய_சர்வேயர்

சரியாகத்தான் சொன்னீர்கள் தம்பி. வியாபாரி பேச்சு வந்ததால் ஒரு வரி சேர்க்கிறேன். 2023 ஏப்ரல் 1 முதல் பழைய வண்டி வியாபாரிகள் ஆர்டிஓவில் அங்கீகாரம் வாங்க வேண்டும், வண்டியை அவரிடம் ஒப்படைத்ததை ஆன்லைனில் தெரிவித்துவிட்டால் அதன்பிறகு பொறுப்பு அவருடையது என்று விதி வந்தது. விற்றுவிட்டு முழித்த நண்பர் மாதிரி வெறும் ஃபார்மில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதற்கு இப்போது காரணமே இல்லை. 15 வருஷத்தை நெருங்கும் வண்டியை வாங்குகிறவர்களும் ஆர்சி முடியும் தேதியைப் பார்த்துவிடுங்கள், காரின் ரெஜிஸ்ட்ரேஷனைப் புதுப்பிக்க 2022 ஏப்ரலிலிருந்து ₹5,000, கிரீன் டாக்ஸ் தனி, தேதி தாண்டிய ஒவ்வொரு மாதத்துக்கும் ₹500 தண்டம் வேறு. நாற்பதாயிரத்துக்கு வண்டி வாங்கி எஃப்சிக்கு, அதாவது தகுதிச் சான்றுக்குப் பத்தாயிரம் வைத்தவர்கள் உண்டு.

திருநகர்_வாசி

நிலவரம் சொல்கிறேன். பேங்க் என்ஓசி காலாவதிதான், மஞ்சள்பலகை சார் சொன்ன மாதிரியே. புதிதாக வாங்க எட்டு நாள் ஆயிற்று. சலான் இரண்டு இருந்தது, இரண்டும் சென்னையில், அவர் சிரித்துக்கொண்டே கட்டினார். பேசிய விலையில் ஐம்பதாயிரத்தைப் பெயர் மாறும்வரை நிறுத்திவைக்கிறேன் என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன், அவர் மனைவிதான் "நியாயம்தானே" என்று முடித்துவைத்தார்.

விற்பனை தேதி போட்ட அன்றே என் பெயரில் புது முழுப் பாலிசி போட்டுவிட்டேன். ஏஜெண்ட் முதலில் ஆர்சி மாறட்டும் என்றார், 14 நாள் கதையையும் ஆசிரியர் கதையையும் சொன்னதும் ஃபார்ம் 29, 30-ஐயும் விண்ணப்ப ரசீதையும் வைத்துச் செய்துகொடுத்தார். வீடியோவை இரண்டு முறை எடுக்க வேண்டியதாயிற்று, முதல் முறை சேஸிஸ் நம்பர் தெரியவில்லை. சேறு இல்லை. பாலிசி உயிர் பெற்றதாக மெசேஜ் வந்த பிறகுதான் சாவியை வாங்கினேன், அதுவரை வண்டி அவர் வீட்டு வாசலிலேயே நின்றது.

ஆர்சியில் என் இனிஷியலைத் தப்பாகப் போட்டுவிடப் போகிறார்கள் என்று மட்டும் ஒரு பயம் இருந்தது, நேற்று ஆன்லைனில் பார்த்தேன், சரியாக மாறியிருக்கிறது.

பழைய_சர்வேயர்

மகிழ்ச்சி. பாலிசியில் எஞ்சின் நம்பர், சேஸிஸ் நம்பர் இரண்டையும் ஆர்சியோடு வைத்து எழுத்தெழுத்தாக ஒருமுறை ஒப்பிட்டுவிடுங்கள். அப்புறம் ஐம்பதாயிரத்தை இன்றே அனுப்பிவிடுங்கள், மனிதர் ஊருக்குக் கிளம்புகிறார்.

திருநகர்_வாசி

ஒப்பிட்டேன், சரியாக இருக்கிறது. பணம் அன்றே போய்விட்டது. அவரும் போய்விட்டார். இன்று காலை டொரண்டோவிலிருந்து வாட்ஸ்அப் வந்தது, கப்பலூர் டோல்கேட்டில் பணம் பிடித்த மெசேஜின் ஸ்கிரீன்ஷாட், கீழே "தம்பி, கோயிலுக்கா?" என்று. ஃபாஸ்டேக்கை மறந்தே போனோம். விற்றுவிட்டு முழித்த நண்பரே, நீங்கள் சொன்னீர்கள்.